பன்றிக் காவலர் ஆசஹேல் பிராக்கெட்

அப்போதைய தலைநகரான பிலடெல்பியாவில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஆசஹேல் பிராக்கெட்டிடம் அந்தப் பனிக்காலம் முழுக்க ஒருவரும் எருது இரவல் கேட்டு வரவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் அந்த மலையடி ஊரில் இதைவிடப் பெரிய கோபம் கிடையாது. முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். திட்டுகிறவன் மறுநாளே மரம் இழுக்க எருது கேட்டு வந்து நிற்பான்.

காரணம் அவருக்குத் தெரியும். வீட்டு வரிச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டிருந்தார். வரியைக் கணக்கிட அதிகாரிகள் வந்து வீடு வீடாக ஜன்னல்களை எண்ணிக்கொண்டு போனார்கள். சின்ன வயதில் அவரோடு சேர்ந்து மீன் பிடித்த கொல்லன் ஏனோக் டில்டன்கூட வழியில் பார்த்தால் தொப்பியைத் தூக்கி, "சௌக்கியமா இருக்கீங்களா, மெம்பர் ஐயா?" என்று கேட்டுவிட்டு நடந்தான். அந்த மரியாதைதான் அவரை அதிகம் வதைத்தது. மிச்சக் காலத்தையும் இந்த ஊரில்தானே கழிக்க வேண்டும்?

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் தன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுவதென்று நீளமாக ஒரு பேச்சு எழுதினார். ஜனவரியில் அவர் மணந்துகொண்ட விதவை டார்க்கஸ் அதைக் கேட்டுவிட்டு, அடுப்பில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்த பானையைத் திறந்து பார்த்தாள். "இதைப் படிச்சீங்கன்னா இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரும் வர மாட்டாங்க" என்றாள்.

கூட்டத்துக்கு ஏனோக்தான் தலைவன். ஊர் நிர்வாகிகள், காவலர், வேலி பார்ப்பவர் என்று ஒவ்வொரு பதவிக்கும் ஆள் கிடைத்தது. ஆசஹேல் பெயரை ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. மனசு விட்டுப்போய், எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார்.

"அடுத்தது பன்றிக் காவலர்" என்றான் ஏனோக். நிலத்தைக் கிளறாதிருக்க மாட்டும் மூக்கு வளையம் இல்லாமல் மேய்கிற பன்றிகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்கிற வேலை. அந்த வருடம் கல்யாணம் ஆனவன் தலையில் அதைக் கட்டிச் சிரிப்பது ஊர் வழக்கம். எந்தப் பொடியன் மாட்டினானோ என்று ஆசஹேலும் திரும்பிப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏனோக் சிரிக்கவில்லை. "மெம்பர் ஐயாவுக்குக் கௌரவக் குறைச்சல்னா அபராதம் கட்டிட்டு ஒதுங்கிக்கலாம்."

ஆசஹேல் பையிலிருந்த பேச்சைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார்.

"யார் வீட்டுப் பன்னியா இருந்தாலும் அடைக்கலாம்தானே?"

"யார் வீடா இருந்தாலும்."

"அப்ப உன் வீட்டு வெள்ளைப் பன்னிக்கு மொதல்ல வளையத்த மாட்டு. காலைல வரேன்."

பெஞ்சுகள் குலுங்கும்படி ஊர் சிரித்தது.

ஏனோக் வளையம் மாட்டவில்லை. வேண்டுமென்றேதான். மறுநாள் காலை அந்தப் பன்றி ஊர்ப் பொதுத் திடலைக் கிளறிக்கொண்டிருந்தது. பிலடெல்பியாவில் தைத்த கால்சட்டையோடு ஆசஹேல் பனி கரைந்த சேற்றில் அதைத் துரத்தினார், விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். ஏனோக் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தானே ஒழிய ஒரு கை கொடுக்கவில்லை. ஒருவழியாகப் பின்னங்காலைப் பிடித்து இழுத்துப்போய்ப் பட்டியில் தள்ளிக் கதவைச் சாத்தியபோதுதான் பக்கத்தில் வந்தான்.

"டார்க்கஸ் உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றான். பிறகு பன்றியைப் பார்த்தபடியே கேட்டான்: "டேய் ஆசஹேல், திங்கக்கெழம பட்டறைக்குக் கரி இழுக்கணும். உன் எருதுங்க சும்மாதான நிக்குது?"

ஆசஹேல் முகத்துச் சேற்றை வழித்துப் போட்டார்.

"பனிக்காலம் பூரா சும்மாதான்டா நின்னுச்சு."