ரைட்டம்மாவின் கைக்கடிகாரம்

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை மாப்பிள்ளைக்கு. மாமியாரின் முதல் விமானப் பயணத்துக்கு ஒரு தாள் எழுதி மூன்று முறை சரிபார்த்திருந்தார். மனம் ஆறவில்லை. நான்காம் முறை சத்தமாகவே வாசித்தார்.

“தூரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். புறப்பாடு காலை பத்து. இறங்குவது மதியம் ஒன்று. பயணம் மூன்று மணி நேரம். இறங்கி, இரண்டு மணிக்குச் சொட்டு மருந்து.”

மாமியார் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிப்போவில் அவர் பெயர் ‘ரைட்டம்மா’. போன மாதம் கண்ணில் ஆபரேஷன். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, ஒரு வேளை தவறினாலும் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மாமியார் போவதோ, சின்ன மகளுக்குப் பிறந்த பேத்தியைக் கண்ணாரப் பார்க்க. விடிந்ததும் ஆறு மணி மருந்தைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை புட்டியைப் பெரிய பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்துப் பூட்டியிருந்தார். வாசலில் டாக்சி நின்றது.

“மூணு மணி நேரத்துல ஒன்பதாயிரமா? யாருங்க மாப்ள அந்த டிரைவர்?”

“விமானம், அத்தை. வேகமா போகும்.”

“போகட்டும். நான் காலையில பத்து மணிக்கு போன் பண்ணா, ‘இங்க ராத்திரி ரெண்டும்மா’ன்னு சின்னவ சிடுசிடுங்கிறா. அவங்க கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால வருது. அங்க மதியம் ஒண்ணுன்னா நமக்கு ராத்திரி ஒன்பது. ஆக, பதினொரு மணி நேரம். மணிக்கு எண்ணூத்திச் சொச்சம். இப்ப சரியா வருது.” விரல்கூட மடக்கவில்லை. “ரெண்டு மணிக்கு நான் ஆகாசத்துல இருப்பேன். மருந்து எங்க?”

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியைத் திறந்து, சேலைகளைக் கலைத்து, புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

“தாள்ல ஒரு எழுத்துப்பிழை இல்ல” என்றாள் மனைவி. “எங்கம்மா கண்ணுதான் போயிருக்கும்.”

“சும்மா இருடி. டிக்கெட்ல போட்டிருந்தத அவரு நம்பிட்டாரு. நான் டிக்கெட் கிழிச்சவ, அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.” புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். “இறங்குற வரைக்கும் வாட்ச்சத் தொட மாட்டேன். மருந்துக்கு வீட்டு டைம்தான்.”

டாக்சி கிளம்பிய பிறகும் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். ஒரு காகிதமும் இல்லாமல் இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் மனதில் ஓட்டிய அந்தத் தலையை நினைத்து நினைத்து வியந்தார்.

மறுநாள் காலை போன் வந்தது.

“பிளேன் பத்து நிமிஷம் லேட்டு, மாப்ள. மருந்து கரெக்டா ரெண்டுக்குப் போட்டாச்சு. பாப்பாவுக்குக் காதுக்குப் பின்னால கடுகளவு மச்சம். பெத்தவளே பாக்கல, நான்தான் கண்டுபிடிச்சேன்.”

மாப்பிள்ளை தாளை எடுத்து, ‘இறங்கி’யை நீக்கி, ‘மூன்று’ என்பதை அடித்து, ஓரத்தில் ‘பதினொன்று’ என்று திருத்தினார். அடியில், வழக்கமாகத் தன் கையெழுத்தைப் போடும் இடத்தில், ‘ரைட்’ என்று எழுதினார்.