திருவந்திபுரத்து மொட்டை

"ஏ புஷ்பா, டிவி சத்தத்தக் கூட்டு! புள்ள வாந்தியெடுக்கிறது தெருவுக்கே கேக்குது" என்று சொல்லிச் சபாபதி கதவைச் சாத்தினார்.

அவர் மனைவி புஷ்பவள்ளி மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது ஸ்ரீமதிக்கு ரத்தப் புற்றுநோய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்துக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது.

"வெளிய தெரிஞ்சா பெரிய பொண்ண எவன் கட்டுவான்? பரம்பர வியாதின்னு ஒதுக்கிடுவானுங்க. காய்ச்சலுக்கு வேண்டிக்கிட்டு, திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்ட போட்டோம்னு சொல்லு."

அப்படியே சொன்னாள். மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவே நம்பியது. அடேயப்பா, என்ன ஊர், என்ன வழக்கம்! பிள்ளைக்கு வந்த நோயைத் திருட்டு நகை மாதிரி ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷத்தில் ஸ்ரீமதி தேறினாள். முடி சுருள் சுருளாக வளர்ந்தது. பெரியவளுக்கும் நல்ல இடத்தில் நிச்சயமானது.

ஒருநாள் காலையில் எதிர்வீட்டு சௌந்தரம், மூன்று வயது மகன் பாலகுமாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் மொட்டைத்தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"ஒங்க பொண்ணாட்டமே இவனுக்கும் விடாத காய்ச்சல்க்கா. ஒடம்பெல்லாம் நீலம் நீலமா கன்னிப்போவுது. நாங்களும் திருவந்திபுரத்துக்கே வேண்டிக்கிட்டோம். ஆடி கழியட்டும்னு இருந்து, நேத்துதான் மொட்ட போட்டோம். இனிமே சரியாயிடும்ல?"

புஷ்பவள்ளி பையனின் கையைத் திருப்பி நீலத் தழும்புகளைப் பார்த்தாள். "ஐயோ, ஆஸ்பத்திரிக்குக் கௌம்புடி!" என்று கத்தினாள். கட்டிய புடவையோடு அவளை இழுத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினாள். தன் மகள் கதையை மட்டும் வழியெல்லாம் சொல்லவில்லை. பெரியவளின் கல்யாணம் முதலில் முடியட்டும் என்று நினைத்தாள்.

"ரத்தப் புற்றுநோய். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாலகுமார் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

இழவு வீட்டில் சௌந்தரம் மாரில் அடித்துக்கொண்டாள். "பெருமாளே, ஒனக்கு நான் இன்னா கொற வச்சேன்? அக்கா பொண்ண மட்டும் காப்பாத்துனியே!"

புஷ்பவள்ளி எழுந்தாள். சபாபதி அவள் கையைப் பிடித்தார். உதறினாள்.

"எம் பொண்ணக் காப்பாத்துனது மொட்ட இல்ல சௌந்தரம். அவளுக்கும் இதே நோய்தான். மருந்து ஏத்தித்தான் பொழச்சா. எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க, புள்ளைங்களுக்கு வந்தா மறைக்காதீங்க, ஒடனே தூக்கிட்டு ஓடுங்க!"

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

சௌந்தரம் நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"எதிர்வீடுதானேக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"