கொட்டகையில் நின்ற இரண்டு வண்டிகள்

ராக்காயி தன் இரண்டாவது பிள்ளையை ஆறு வருடமும் எட்டு மாதமும் சுமந்தாள். 1974 தைப்பூசம் முடிந்த வாரம் நாள் தள்ளிப்போனது. பிள்ளை பிறந்தது 1980 அக்டோபரில். பத்து மாதமாகியும் வலி வராததைப் பார்த்து மருத்துவச்சி வீரம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். வயிற்றால் போனதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் நர்சு குழல் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் வா என்றாள். கர்ப்பிணி அட்டை நிறைந்ததும் புது அட்டை கொடுத்தார்கள். ஐந்தாவது அட்டைக்குப் பிறகு அவளிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. வயிறு ஒன்பது மாத அளவிலேயே நின்றது. அந்த வயிற்றோடு அவள் துவைத்தாள், ஆக்கினாள், ஈப்போவை ஒட்டிய சிலிபினில் வாடகை வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுப் பிடுங்கினாள். யாராவது கேட்டால், "எனக்கு அவசரமில்ல, அதுக்கும் அவசரமில்ல" என்பாள்.

காரணம் புருஷன் சன்னாசிக்குத் தெரியும். அவன் அப்போது ரப்பர் தோட்டத்தில் துரையின் டிரைவராக இருந்தான். துரையிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று தரையோடு தரையாகப் போகும் சிவப்புக் கார். நாலு கதவு, தோல் சீட்டு, ரேஸ் ஓடுகிறவர்கள் விரும்பும் இன்ஜின். மற்றது கித்தான் கூரை போட்ட ஜீப். ஏறினால் முதுகெலும்பு எண்ணிக்கொள்ளலாம், ஆனால் எந்தச் சேற்றுக்கும் நிற்காது. இரண்டின் சாவியும் டிரைவர் பையில்தான் இருக்க வேண்டும் என்பது துரையின் சட்டம். 1970 நவம்பரில் ஒரு நாள் துரைசானி முடி வெட்டிக்கொள்ள ஈப்போவுக்குப் போக வேண்டும் என்றாள். சன்னாசி சிவப்புக் காரில் கூட்டிப்போனான். அவன் போன பிறகு மழை பிடித்தது. இரண்டு மணிக்கு ராக்காயிக்கு வலி எடுத்தது. ஜீப் கொட்டகையில் நின்றது, அதன் சாவி ஈப்போவில் சன்னாசியின் பையில் இருந்தது. நாலு பேர் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். ஏழாங்கட்டையில், அந்த ஏழாவது மைல்கல்லில், தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஆண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. திரும்பி வந்த சன்னாசி சேற்றைத் தாண்ட முடியாமல் தார் ரோட்டு முனையில் காரை நிறுத்தி இறங்கியபோது முதலில் பார்த்தது அந்த நாற்காலியைத்தான்.

அவனை யாரும் ஏசவில்லை. அவன் வேலைக்குப் போயிருந்தான், அவ்வளவுதான். அந்த வாரமே அவன் ஜீப் சாவியைக் கிந்தா ஆற்றில் எறிந்தான். சாயங்காலம் சாவி கால்சட்டைப் பையில் இருந்தது. இன்னும் ஆழமான இடம் பார்த்து எறிந்தான். திரும்பவும் இருந்தது. கைலிக்கு மாறிப் பார்த்தான். இடுப்பு மடிப்பில் இருந்தது. பிறகு விட்டுவிட்டான். குளிக்கும்போது மட்டும் எடுத்து சோப்புப் பெட்டியில் வைப்பான்.

1974-இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துரை சீமைக்குப் போகுமுன் சன்னாசியைக் கூப்பிட்டு, இரண்டு வண்டியில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார். புது முதலாளிக்கு வண்டி எதுவும் வேண்டாம். கொட்டகை கடைசித் துண்டில் இருக்கிறது, அது விற்கிற வரைக்கும் நிற்கட்டும் என்றார். சனங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சன்னாசி சிலிபினுக்கு வந்து மீரா சாஹிப்பின் அரிசி லோரி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் ராக்காயியும் பஸ் ஏறிக் கொட்டகைக்குப் போய், ஒரு வாரம் காரிலும் ஒரு வாரம் ஜீப்பிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். அவன் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவான். ஆறு வருடமும் இரண்டு வண்டியும் முதல் தட்டில் கிளம்பின.

அவன் கட்சி சிவப்புக் கார். இனி நமக்கு மண் ரோடு இல்லை, வாசல் வரைக்கும் தார். நாலு கதவு, பின்னால் மூன்று பிள்ளைகள் உட்காரலாம். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் என்றான். எல்லாம் நியாயமாகவே இருந்தது. அந்தக் காரில் உட்கார்ந்தால்தான் தான் ஒரு ஆள் என்று அவனுக்குத் தோன்றும். அதை அவன் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. ஜீப்பை எடுத்தால், அன்றைக்கும் வீட்டில் விட்டுப் போயிருக்க வேண்டியது அந்தச் சாவிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"தார் ரோடு ஒங்க ரோடு," என்றாள் ராக்காயி. "எம்புள்ள செத்தது மண்ணு ரோட்டுல."

வயிற்றிலிருந்த பிள்ளையும் பேச்சில் சேர்ந்துகொண்டது. காரில் ஏறினால் உதைக்கும். ஜீப்பில் ஏறினால் அசையாது.

"பாத்தியா, புள்ளைக்கே காருதான் புடிக்குது."

"ஒதைக்கிறதுக்குப் பேரு புடிக்கிறதா?"

வீரம்மாவிடம் கேட்டார்கள். அவள் பிரசவம் பார்க்கத்தான் தெரியும், வண்டி பார்க்கத் தெரியாது என்றாள். மீரா சாஹிப் கடையில் இது தினப் பேச்சாகிவிட்டது. "நா மூணு பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்து நிக்காவும் முடிச்சாச்சு தம்பி. நீ இன்னும் ஒரு வண்டி பாக்கலியாலா?" என்பார் அவர். சன்னாசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

1980 அக்டோபரில் கடைசித் துண்டும் விற்றது. வெள்ளிக்கிழமை கொட்டகையை இடிப்போம், நிற்பது எதுவானாலும் பழைய இரும்புக்குப் போகும் என்று அதை வாங்கிய முதலாளி ஆள் அனுப்பினார். வியாழக்கிழமை காலை இருவரும் தார் ரோட்டு முனையில் பஸ் இறங்கி நடந்தார்கள். அன்று மழை இல்லை. சன்னாசி சிவப்புக் காரில் ஏறிக் கிளப்பினான். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அணைத்தான். ராக்காயி ஜீப்பின் மேல் கை வைத்து நின்றாள்.

"சரி, ஜீப்பே எடுப்போம். நா ஓட்டுறேன், ஏறு."

அவள் ஏறவில்லை. "எனக்கு ஜீப்பும் வேணாம், காரும் வேணாம். சாவியக் குடுங்க."

அவன் பைக்குள் கை விட்டான். பத்து வருடமாக அங்கே இருந்த சாவி, எடுத்துக் கொடுக்கும்போது வெறும் சாவியின் கனமே இருந்தது. கொடுத்த பிறகு பையைத் தடவிப் பார்த்தான். சில்லறை மட்டும் இருந்தது.

அவளுக்கு ஓட்டத் தெரியாது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. அவன் இடப்பக்கம் உட்கார்ந்து கிளட்ச் எது, பிரேக் எது என்று சொன்னான். ஜீப் மூன்று முறை செத்து நாலாவது முறை நகர்ந்தது. ஏழாங்கட்டையில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. குறைக்கிற அளவுக்கு வேகம் இல்லை. தார் ரோட்டில் முன் சக்கரம் ஏறியதும் வலி எடுத்தது. அவன் ஸ்டியரிங்குக்குக் கை நீட்டினான். "கைய எடுங்க," என்றாள். எடுத்துக்கொண்டான். இரண்டாவது கியரிலேயே, பின்னால் எண்ணெய் லோரிகளும் பஸ்களும் ஹாரன் அடித்துக்கொண்டே வர, ஒன்றரை மணி நேரம் ஓட்டி ஈப்போ வந்தாள். வலி வரும்போது மட்டும் ஓரமாக நிறுத்தினாள். அவன் வழி முழுக்கக் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டிருந்தான். பெரியாஸ்பத்திரி வாசலை மறித்து நிறுத்திவிட்டு, சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். இங்கே நிறுத்தக்கூடாது என்று சொல்ல வந்த காவலாளி, யாரென்று பார்த்துவிட்டு வழிவிட்டான்.

பெண் பிள்ளை, ஆறே கால் ராத்தல். வெளியே வருவதற்கு முன்பே அழுதது. பாப்பா என்று பெயர் வைத்தார்கள். தீபாவளிக்கு நடந்தாள், அடுத்த வாரம் பல் முளைத்தது, அதற்கடுத்த வாரம் விழுந்து மறுபல் வந்தது. ராக்காயி சட்டை தைப்பதை விட்டுவிட்டுச் சன்னாசியின் சட்டைகளை வெட்டிப் போட்டாள். டிசம்பர் பாதியில் பாப்பா பாக்கியிருந்த வருடங்களை வளர்ந்து முடித்து, மற்றப் பிள்ளைகளைப் போல மெதுவாக வளர ஆரம்பித்தாள். சிவப்புக் காரை என்ன செய்தார்கள் என்று சன்னாசி விசாரிக்கவில்லை. ராக்காயி லைசன்ஸுக்கு மூன்று தடவை போய்த் தோற்று நாலாவது தடவை எடுத்தாள். அவள் ஓட்டும்போது அவன் வாயைத் திறப்பதில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். பதிவு எழுதும் கிராணி பிள்ளையை ஒரு தடவை பார்த்து, தாய் எந்த வருடம் கர்ப்பமானாள் என்று கேட்டு, பிறந்த வருடம் 1974 என்று எழுதிக்கொண்டார். ஆறு வருடம் தாமதமானதற்குக் காரணம் எழுத ஒரு கோடு இருந்தது. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னாசியைப் பார்த்தார். சன்னாசி தரையைப் பார்த்தான்.

"வண்டி இல்ல சார்," என்றாள் ராக்காயி.

கிராணி அதை மலாயில் எழுதினார். தோட்டத்துப் பிள்ளைகளின் படிவத்தில் அந்தக் கோட்டின்மேல் வேறு காரணத்தை அவர் அதிகம் எழுதியதில்லை. முத்திரை குத்தி நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.