உதயசூரியனின் ஒரே வாக்கியம்

செலினின் முதல் கதை மாத இதழில் வெளிவந்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, வீட்டுத் தரகர் உதயசூரியனால் ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதையும் பேச முடியவில்லை. "மரியஜோசப் கையெழுத்துப் போட்டத என் ரெண்டு கண்ணால பாத்தேன்." பதினோரு ஆண்டுகளுக்கு முன் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்ன பொய் அது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த தன் வீட்டை மரியஜோசப் யாருக்கும் விற்கவில்லை, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தால் வீடு உதயசூரியனின் மனைவி நீலாம்பாள் பெயருக்கு மாறியது. மரியஜோசப் மகள் செலினோடு ஆற்றைக் கடந்து டாலாவில் ஒரு மூங்கில் குடிசைக்குப் போனார். அங்கே யாரிடமும் பேசாமல் கிடந்து, இரண்டாவது மழைக்காலத்தில் இறந்தார்.

செலினுக்கு அப்போது பதினெட்டு வயது. படகில் போகும்போதும் வரும்போதும் படித்து வக்கீலானாள். கேஸ் இல்லாத நாட்களில் பர்மிய மொழியில் கதை எழுதினாள். முதல் கதையில் அப்பாவின் வழக்கை எழுதி, அந்தப் பொய்யை எழுத்துப் பிசகாமல் உதயசூரியனின் பெயரோடு சேர்த்தாள். மற்றது தானாக நடந்தது.

உதயசூரியன் மீன்காரியிடம் அதையே சொன்னார். டாக்டரிடமும், கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்ட குருக்களிடமும் அதையேதான் சொன்னார். பேனாவைக் கொடுத்தால் கையும் அதையே எழுதியது. மூன்றாம் மாதம் நீலாம்பாள் கியாக்டடாவில் செலினின் ஆபீஸ் படியேறினாள்.

"செலின், இன்னொரு கதை எழுதி அவர் வாயத் திறந்து விடும்மா."

"கோர்ட்டுக்கு வந்து உண்மையச் சொல்லச் சொல்லுங்கக்கா."

"அது ஒண்ணுதானே அவருக்கு வர மாட்டேங்குது!"

செலினின் நெஞ்சு குளிர்ந்தது. அந்த வாரமே பழைய வழக்கைத் திறக்க மனுப் போட்டு, உதயசூரியனைச் சாட்சியாக அழைத்தாள்.

நீதிபதி அவர் பெயரைக் கேட்டார். மரியஜோசப் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகப் பதில் வந்தது. வயதைக் கேட்டதற்கும் அதேதான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, கண்ணில் நீர் வழிய, கையெடுத்துக் கும்பிட்டபடி அதையே சொன்னார். எதைக் கேட்டாலும் இதையே சொல்பவரின் சாட்சியம் எதற்கும் சாட்சியமாகாது என்று நீதிபதி எழுதினார். வீடு செலினுக்குத் திரும்பியது.

நீலாம்பாள் அதே தெருவில் வாடகைக்குக் குடிபோய், மறுபடி வந்து நின்றாள். "வீடுதான் கிடைச்சிருச்சே, இனியாவது எழுதேன்."

"எங்கப்பா ரெண்டு மழைக்காலம் வாயே திறக்கல. இவருக்கு ஒரு வாக்கியமாவது இருக்கு. போய்ட்டு வாங்கக்கா."

பிறகு செலின் எட்டுப் புத்தகங்கள் எழுதினாள். பெயரெடுத்த வக்கீலானாள். அந்த ஒரு கதையை மட்டும் எழுதவில்லை. அதற்காக ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. தெருவும் பழகிக்கொண்டது. உதயசூரியனின் குரல் ஏறினால் கடுந்தேநீர், இறங்கினால் பால் கூடுதல் என்று டீக்கடை ஷம்சுதீன் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் செலினைப் பார்த்தால் உதயசூரியன் எழுந்து நின்று, மரியஜோசப் கையெழுத்துப் போட்டதை ரெண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சொல்வார்.

"சாப்பிட்டாச்சு அங்கிள்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறப் போவாள்.