மஞ்சள் சதுரம்

…கட்டைவிரலுக்கு அடியில் தொடங்கி முழங்கை வரை ஏறுகிற இந்த வலி மட்டும் இல்லையென்றால் அந்த ஒரு சொடுக்கை விட்டிருக்க மாட்டாள், மவுஸை இன்னொரு தரம் அமுக்கியிருந்தால் போதும், உட்கார்ந்து பார்க்கிற வேலையில் என்னடி கைவலி என்று அம்மா கேட்பதும் நியாயம்தான், மூட்டை சுமந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா… திரையில் அந்த மஞ்சள் சதுரம் இருக்கிறது, நகக்கண் அளவு, தொட்டால் திறக்க வேண்டும், திறக்கவில்லை, திரும்பத் தொடுகிறாள், சுவரில் வரைந்த கதவைத் தட்டுகிற மாதிரி. அவள் வேலையே இதுதான், விபத்தில் அடிபட்டவர்களின் நஷ்டஈட்டு பிடிஎஃப்களை ஃப்ளாட்டன் செய்வது, அதாவது நிரப்பிய கட்டங்களையும் மேலே ஒட்டிய குறிப்புகளையும் பக்கத்தோடு பக்கமாக அமுக்கிவிடுவது, அதன் பிறகு யாரும் அந்தக் கட்டத்துக்குள் போய் எழுத்தை மாற்ற முடியாது. ஆனால் மஞ்சள் சதுரமாக மூடிக்கிடக்கிற குறிப்பை முதலில் விரித்து அதன் எழுத்தைப் பக்கத்தில் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சதுரம் தங்கும், எழுத்து போய்விடும், புதிதாக வருகிறவர்களுக்கு இவளே வாய் வலிக்கச் சொல்வது… கை வலித்தது, விட்டுவிட்டாள், பழைய கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டாள்.

குறிப்பை அவள் படித்திருந்தாள், அதுதான் வினை. கிடங்கில் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து ஒரு மனுஷனுக்கு இரண்டு காலும் போனது, முதலாளி தரப்பு நிரப்பின கட்டத்தில், விபத்தின் காரணம் என்ற இடத்தில், தொழிலாளியின் கவனக்குறைவு என்றிருந்தது, அதன் பக்கத்தில்தான் கிடங்கைச் சோதித்த தொழிலாளர் துறை ஆய்வாளர் மஞ்சள் குறிப்பை ஒட்டியிருந்தார், இழுகம்பி நைந்திருந்தது, மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதியும் மாற்றவில்லை என்று. இப்போது கவனக்குறைவு மட்டும் கல்லில் வெட்டின மாதிரி நிற்கிறது… யாருடைய கவனக்குறைவு? அப்பா மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்தபோது குடித்துவிட்டு விழுந்தான் என்று மேஸ்திரி எழுதினான், டீயைத் தவிர வேறு எதையும் குடித்தறியாத மனுஷன், சாகிற வரைக்கும் அந்த வார்த்தையைத்தான் மென்றுகொண்டு கிடந்தார், பலகை இற்றுப்போயிருந்தது என்று அன்றைக்கு ஒருத்தன் எழுதியிருந்தால்… எழுதியிருந்தால் என்ன, அதுவும் இவளைப் போல ஒருத்தி கையில்தானே வந்து சிக்கியிருக்கும்?

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? கம்ப்யூட்டர் கண்ணடிச்சிடுச்சா?” ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் ஆய்வாளருக்கு போன் போட்டாள்.

“சார், அந்த லிஃப்ட் கேஸு… நீங்க குறிப்பு போட்டு அனுப்பின ஃபைல் உங்ககிட்ட இருக்குங்களா?”

“அதை அப்பவே அழிச்சாச்சேம்மா. உங்ககிட்ட இல்லையா?”

“குறிப்பு என் தப்பால போயிடுச்சு சார். திரும்ப எழுதித் தந்தீங்கன்னா…”

“நான் என்ன எழுதினேன்?”

“கம்பி நைஞ்சிருந்துச்சுன்னு…”

“ஞாபகம் இல்லையேம்மா. போனது போகட்டும், விடுங்க.” குரலில் கோபம் இல்லை, தலைச்சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சுதான் இருந்தது, அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகின மூச்சு, அது அவளுக்குத் தெரியாதா… இவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருக்கும், யார் யாரெல்லாம் கூப்பிட்டு மிரட்டினார்களோ, இப்போது இவள் கையாலேயே தப்பித்துக்கொண்டார். மேலாளரிடம் சொல்லலாம், சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார், அம்மாவின் மருந்து, வாடகை… திரும்பி வந்தபோது மேலாளரே மேசையருகில் நின்றார். “லிஃப்ட் ஃபைலை நானே கோர்ட்டுக்கு அனுப்பிட்டேன்மா. சுத்தமா இருந்துச்சு.” தலையாட்டினாள். தலை ஏன் ஆடியது?

கீழே வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் கால் போன அந்த மனுஷனின் மனைவி காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், சொல்லிவிட வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படி இறங்கினாள்.

“அனுப்பிட்டாங்களாம்மா?”

“அனுப்பியாச்சுங்க.”

“கம்பியைப் பத்தி அந்த சார் எழுதினது இருக்குல்ல? அதைத்தான் மலையா நம்பியிருக்கோம். காலு போனது போகட்டும், என் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை வந்தா போதும்கறாரு. படுத்த இடத்துல இதே பேச்சு. எனக்கே காது புளிச்சுப்போச்சு, போங்க.” சிரித்தாள், அதற்குள் கண் கலங்கிவிட்டது.

“இருக்குங்க” என்று வந்துவிட்டது வாயில். இருக்கிறதுதானே, சதுரம்…

“உங்க கை நல்லா இருக்கட்டும் தாயி” என்று அந்தப் பெண் வலிக்கிற கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சுருக்கென்றது, இழுத்துக்கொள்ளவில்லை, வலிக்கட்டும்… படி ஏறும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், இழுகம்பி நைந்திருந்தது, மாற்றச் சொல்லி இரண்டு முறை, இரண்டு முறையா, பல முறை என்றிருந்ததா, எழுதியும் என்றா சொல்லியும் என்றா… காலையில் படித்தது, சாயங்காலமாவதற்குள் ஓரம் உதிர்கிறது, இன்றைக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உண்டு, நாளைக்கு இவளும் ஆய்வாளரைப் போலத்தான், ஞாபகம் இல்லையேம்மா… படியிலேயே நின்றாள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அவள் ஒரு வார்த்தை தர வேண்டும், உன் புருஷன் மேல் தப்பில்லை என்கிற வார்த்தை. இன்னும் தரவில்லை.