இட்டோரோவின் தாய்க்கு இன்னொரு பெயர்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அந்தப் படகுத்துறைத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தலைப்பிள்ளை பிறந்த அன்றே அவள் ஏகா இட்டோரோ ஆகிவிட்டாள், அதாவது இட்டோரோவின் அம்மா. அங்கே எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். ஒன்பது வயதில் இட்டோரோ ஆற்றோடு போனான், பெயர் மட்டும் போகவில்லை. புகைமீன் வாங்க வருகிறவர்களும் படகோட்டிகளும் இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அவளைப் பேய் ஓட்டும் விடுதலை ஊழியத்துக்கு இழுத்து வந்திருப்பவள் மகள் எமெம். முந்தைய மூன்று கருவும் ஆறாம் மாதத்தில் கலைந்து, நான்காவது கரு வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்து பிள்ளை மட்டும் தங்கவில்லை என்றால், அந்த ஊரில் அடுத்து எங்கே போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தகரக் கூரை போட்ட சபையில், வாசலோரம் மேசை போட்டு சிஸ்டர் கம்ஃபர்ட் ஏழு பக்கப் படிவத்தை நிரப்பினாள். பாட்டனார் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார், கனவில் நீந்துவது உண்டா, கனவில் சாப்பிடுவது உண்டா என்று கேள்விகள் வளர்ந்துகொண்டே போயின.

"செத்தவங்க யாராச்சும் கனவுல வர்றாங்களா?"

"என் மகன் வருவான்."

"வந்து சாப்பிடுறானா?"

"பின்ன? பசியோட அனுப்புவேனா?"

"சின்னப் பையனாவா வர்றான்?"

"அப்ப சின்னப் பையன். இப்ப தாடி வச்சிருக்கான். டிசம்பர் வந்தா முப்பத்திரண்டு."

சிஸ்டர் கம்ஃபர்ட்டின் பேனா நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போய் பாஸ்டர் உடோஃபியாவைக் கூட்டி வந்தாள். அவர் நின்றபடியே படிவத்தைப் படித்தார், படித்து முடித்ததும் உட்கார்ந்தார்.

"ஏகா, செத்த பிள்ளை வளராது. வளர்றது வேற ஒண்ணு. அது எதைத் தின்னு வளருதுன்னு நினைக்கிற?" என்று கேட்டு எமெமின் வயிற்றைப் பார்த்தார்.

அவர் கெட்டவர் இல்லை. தான் நம்பியதைத்தான் சொன்னார். தாயும் மகளும் மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம், தினமும் காலையில் ஜெபம். மூன்றாம் நாள் முடிவதற்குள் அவள் வாய்திறந்து மும்முறை சொல்ல வேண்டும்: "நீ என் மகன் இல்லை. இந்த வீட்டில் உனக்குச் சோறு இல்லை. போ." சொன்னால் கட்டு அறுந்துவிடும். மகளின் வயிறும் பிழைக்கும்.

முதல் நாள் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். பாஸ்டரின் எண்ணெய்க் கை நெற்றியில் பட்டதும் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள், பின்னால் நின்ற இரண்டு பேர் தாங்கிப் பிடித்துச் சிமென்ட் தரையில் கிடத்தினார்கள். ஏகா இட்டோரோ மட்டும் நட்டுவைத்த மரமாக நின்றாள். அவர் தள்ளத் தள்ள அவளும் நெற்றியைக் கொடுத்துத் தள்ளினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஏகா, உன் நெத்தி என்ன கான்கிரீட்டா? பாஸ்டர் கை சுளுக்கிக்கும்" என்றாள் சிஸ்டர் கம்ஃபர்ட்.

"சுளுக்கினா சொல்லு, எண்ணெய் தேய்ச்சு விடுறேன். கையில நிறைய வச்சிருக்காரு."

நாலு பேர் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. மறுநாள் ஒலிபெருக்கியைப் பிடித்து ஒரு மணி நேரம் பிடிவாதத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். குடியைத் துரத்திவிடலாம், சூனியத்தைத் துரத்திவிடலாம், பிடிவாதத்தைத் துரத்த முடியாது, ஏனென்றால் அது வீட்டுக்காரன் வேடத்தில் உள்ளே உட்கார்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபை முழுவதும் திரும்பி அவளைத்தான் பார்த்தது.

அன்று மதியம் ஜெபம் முடிந்து, அம்மாவும் மகளும் கூரை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் உதடுகளும் காய்ந்து வெடித்திருந்தன.

"மூணு வார்த்தைதான மா. சொல்லித் தொலையேன்" என்றாள் எமெம்.

"சொல்ல முடியாது."

"செத்துப்போனவனுக்காக என் பிள்ளையைக் கொல்லுவியா?"



"உனக்கு அப்ப மூணு வயசு. உனக்குத் தெரியாது. புகைபோட்ட மீன்ல பெரிய மீன் ஒண்ணு காணோம். நீதான எடுத்தேன்னேன். இல்லன்னான். ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு, அப்புறம் சோறுன்னேன். கேக்கல. என் பிள்ளைதான, எனக்கு இருக்கிற அழுத்தம் அவனுக்கு இருக்காதா? மத்தியானம் வரைக்கும் வாசல்லயே நின்னான். 'இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது, போ'ன்னு நான்தான் சொன்னேன். போனான். படகு கவுந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பாஸ்டர் சொல்லச் சொல்றத நான் ஏற்கெனவே சொல்லியாச்சுடி. மறுபடியும் எந்த வாயால சொல்லுவேன்?"

எமெம் அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக உதைத்தது. அம்மா கையை எடுக்கப் பார்த்தாள், எமெம் விடவில்லை.

மூன்றாம் நாள் மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பாஸ்டரின் குரலே கேட்கவில்லை. ஏகா இட்டோரோ வாசலைப் பார்த்து நின்றாள். பட்டப்பகலில், விழித்த கண்ணுக்கு, வாசற்படியில் அவன் நின்றான். தாடியில் தண்ணீர் சொட்டியது, கால் முழுக்கச் சேறு. எப்போதும் வருவதுபோலச் சாப்பிடத்தான் வந்திருந்தான்.

அவள் சொன்னாள். மூன்று முறை சொன்னாள். மழையில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அவனுக்குக் கேட்டது. கோபப்படவில்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவனைப்போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவள் அப்போதுதான் விழுந்தாள். தாங்குகிறவர்கள் அசந்திருந்ததால் பின்மண்டை தரையில் மோதியது. சபை அல்லேலூயா என்று குதித்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அறிவித்தார்: பழைய பெயரே பழைய கட்டு. கூப்பிடக் கூப்பிட அது வரும். இனி இவள் ஏகா எமெம். பழைய பெயரில் கூப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் சபையைப் பெருக்க வேண்டும். பெருக்குவதற்குப் பயந்தே தெரு ஒரே மாதத்தில் திருந்திவிட்டது. படகுத்துறையில், சந்தையில், கிணற்றடியில் நாள் முழுக்க ஏகா எமெம், ஏகா எமெம் என்றார்கள். அவள் பல சமயம் திரும்பிப் பார்க்க மறந்துபோவாள். இந்தக் கதையைச் சொல்கிற நான் மட்டும் மாற்றிச் சொல்வதாக இல்லை.

கனவே இல்லாமல் தூங்கினாள். காலையில் எழுந்ததும் நெஞ்சு வெறுமையாக வலிக்கும். அவனை இரண்டாம் முறை கொன்றவள் நான்தான் என்று நினைத்தபடியே மீனைப் புகையில் திருப்பிப் போடுவாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் ஆறாம் மாதம் தாண்டியது, ஏழும் எட்டும் தாண்டின. ஒன்பதில் எமெமுக்கு அழகான பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கத் தாய் போய்த் தங்குவது வழக்கம். ஏகா இட்டோரோ காலையில் போய் மாலையில் திரும்பினாள். இரவு அடுப்பில் மீன் இருக்கிறதாம், சாக்கு. பன்னிரண்டாம் நாள் காலை, துணியை வெந்நீரில் நனைத்து மகளின் வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மா, ஒண்ணு சொல்லுவேன். பாஸ்டர் காதுக்குப் போகக் கூடாது."

"சொல்லு."

"ரெண்டு நாளா கனவுல ஒரு ஆளு வர்றாரு. தாடி வச்சவரு, கால் பூரா சேறு. வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஏகா எமெம் வீடு இதானா'ன்னு கேக்குறாரு."

துணி பிடித்த கை நின்றுவிட்டது. நாள் முழுக்க ஊரே கூவிக் கூவி, தாயைத் தேடியவனுக்கு மகளின் வீட்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. ஏகா இட்டோரோ முதலில் பாயில் கிடந்த குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சூடாக வந்தது.

"நீ என்ன சொன்ன?"

"யாருன்னு தெரியல மா. எமெம் நான்தான், உள்ள வாங்கன்னேன். ரொம்பத் தூரம் அலைஞ்சவரு மாதிரி இருந்தாரு, பாவமா இருந்துச்சு. சோறு கேட்டாரு. பானையில ஒண்ணுமில்ல, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன்." எமெம் அம்மாவின் முகத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள். "மா, அது அண்ணனா?"

மூன்று வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தால் போதும். மகள் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். அது நாக்கு நுனி வரைக்கும் வந்ததை ஏகா இட்டோரோ உணர்ந்தாள்.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உன் மாமியார் வீட்டுக்குப் போ. இன்னிக்கு ராத்திரி உன் பாயில நான் படுத்துக்கிறேன்."

"எதுக்கு? திரும்பவும் துரத்துறதுக்கா?"

"இல்ல."

"சோறு போடுறதுக்கா? இருபத்திரண்டு வருஷம் போட்டது பத்தாதா மா?"

"சோறுதான் போட்டேன்" என்றாள் ஏகா இட்டோரோ. துணியைப் பிழிந்தாள், பிழிய ஒன்றும் இல்லாமலும் பிழிந்துகொண்டே இருந்தாள். "அந்த மீனை அவன் எடுக்கல. உங்கப்பா எடுத்துக்கிட்டுப் போயி கூட்டாளிக்குக் குடுத்திருக்காரு. பிணத்தைக் கரையேத்தின அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் வந்து, சாப்பிட்டுட்டு, நான் ஏதாச்சும் சொல்லுவேனான்னு உக்காந்திருப்பான். இன்னொரு கரண்டி ஊத்துவேனே தவிர, வாயைத் திறந்ததில்ல. இன்னிக்குத் திறக்கணும்."

எமெம் குழந்தையைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டாள். அம்மா அடுப்பை மூட்டி, கீரை நறுக்க உட்கார்ந்தாள்.