தொண்ணூற்றெட்டு மார்க் டாக்டர்

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டாக்டர்களுக்குத் தகுதிச் சோதனை உண்டு. தேறாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. பெரிய டாக்டர் அதற்காக அலட்டிக்கொண்டதே இல்லை. கருத்தரங்கு என்றால் போவார், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொள்வார், ஏசி குளிரில் குறட்டை விடுவார். கம்ப்யூட்டரில் எழுத வேண்டிய பரீட்சையை மட்டும், தன் கிளினிக்கில் வேலை பார்க்கும் சின்ன டாக்டரின் தலையில் கட்டிவிடுவார்.

"உனக்குத்தான் இதெல்லாம் விரல் நுனியில இருக்கேம்மா. என் பாஸ்வேர்டைப் போட்டு முடிச்சுடு."

அவளும் முடித்தாள். வேலை நிலைக்க வேண்டுமே! அடுத்த அறையில் அவர் ஏதோ அரதப் பழசான மருந்தின் பெருமையை அளந்துகொண்டிருக்க, இவள் அவர் பெயரில் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கினாள். வேண்டுமென்றே நாலு தப்பு விட்டிருக்கலாம். கை வரவில்லை.

அந்த மார்க்கைப் பார்த்து வாயைப் பிளந்த மருத்துவக் கவுன்சில், புதிதாகக் கொண்டுவந்த செய்முறைச் சோதனைக்கு அவரையே பரிசோதகர் ஆக்கியது. கவுன்சிலின் லட்சணம் அவ்வளவுதான்.

சின்ன டாக்டரின் முறை வந்தபோது எதிரே மூன்று பேர், நடுவில் அவர். தன்னிடம் வேலை செய்பவள் என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தவர், கைவிடமாட்டார் என்ற நப்பாசையில் இவளும் வாய் திறக்கவில்லை.

தரையில் ரப்பர் பொம்மை கிடந்தது. இதயம் நின்றுபோன ஆள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவள் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அழுத்தம் சரி என்று பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரிந்தது.

"நிறுத்தும்மா. முதல்ல வாயில ஊதணும். அதுகூடத் தெரியாதா?"

"அது பழைய முறை சார். மாத்தி ரொம்ப வருஷமாச்சு."

"எனக்கே பாடமா?"

மற்ற இருவரும் பச்சை விளக்கைப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு வாங்கியவர் தப்பாகச் சொல்வாரா? பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார்கள். அவள் தேறவில்லை. மறுபயிற்சி முடிக்கும்வரை நோயாளியைத் தொடக் கூடாது.

அந்த மார்க் அவர் வாங்கியதே இல்லை என்று போட்டு உடைக்கலாம். உடைத்தால், பரீட்சை எழுதியது யார் என்பதும் சேர்ந்தே வெளியே வரும்.

வெளியே வந்ததும் அவர் குழைந்தார். "மனசுல வச்சுக்காதம்மா. மறுபயிற்சி வகுப்பு நான்தான் எடுக்கறேன், பாஸ் போட்டுடலாம். வகுப்புல என்ன பேசணும்னு மட்டும் நீ எழுதிக் குடுத்துடு."

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"எத்தனை பக்கம் சார்?" என்று கேட்டாள்.